காட்டுக் கொட்டாய்க்கு எத்தனை கே.வி.ஏ. ஜெனரேட்டர்?

வாசகர் கேள்வி – வேளாண் அலுவலர் பதில்

கேள்வி: ஐயா, வணக்கம். கொல்லிமலையில் எங்களுக்கு இரண்டரை ஏக்கர் நிலம் இருக்கிறது. மிளகு, காபி, கொஞ்சம் அன்னாசி, மீதியில் சாமை. ஊருக்குள் இருக்கும் வீட்டிலிருந்து நிலம் தொலைவு என்பதால் காட்டிலேயே இரண்டு அறை வைத்து ஓட்டு வீடு கட்டிவிட்டோம். நான், மனைவி, அம்மா, பள்ளிக்கூடம் போகும் மகள் என நான்கு பேர். கம்பம் நட்டுக் கரண்டு வர இன்னும் எவ்வளவு காலம் ஆகுமோ தெரியவில்லை. ஐந்து லைட், இரண்டு ஃபேன், ஒரு டி.வி., மிக்ஸி, டேபிள் டாப் கிரைண்டர், கிணற்றில் அரை ஹெச்.பி. மோட்டார், இவ்வளவுதான் எங்கள் தேவை. கடையில் கேட்டால், 'எதற்கும் 5 கே.வி.ஏ.வாக வாங்கிப் போடுங்கள், பின்னால் கவலை இருக்காது' என்கிறார்கள். நகையை அடகு வைத்துத்தான் வாங்க வேண்டும். எது சரியான அளவு? மழையும் திருட்டுப் பயமும் இருப்பதால் தாழ்வாரத்திலேயே வைத்துக்கொள்ளலாமா?
(கொல்லிமலையிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தாழ்வாரத்தில் வைக்கவே கூடாது. அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். காரணத்தைக் கீழே விரிவாக எழுதியிருக்கிறேன்.

முதல் கேள்விக்கு வருவோம். நீங்கள் எழுதியிருக்கும் தேவைக்கு 5 கே.வி.ஏ. வேண்டியதில்லை. 3 கே.வி.ஏ. போதும். அதையும் நாள் முழுக்க ஓட்ட வேண்டியதில்லை, காலையில் ஒரு மணி நேரம் ஓட்டினால் போதும். நான் சொல்கிறேன் என்பதற்காக ஒப்புக்கொள்ள வேண்டாம். ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். நகை அடகுக் கடைக்குப் போகும் முன் இந்த அரை மணி நேரத்தைச் செலவழிப்பது நல்லது.

வாட் வேறு, கே.வி.ஏ. வேறு

வீட்டில் இருக்கும் பல்பு, ஃபேன், மிக்ஸி எல்லாவற்றிலும் வாட் என்று போட்டிருக்கும். ஜெனரேட்டரில் கே.வி.ஏ. என்று போட்டிருக்கும். இரண்டும் ஒன்று என்று நினைத்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். கே.வி.ஏ.வை 0.8 ஆல் பெருக்கினால் கிலோவாட் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது 3 கே.வி.ஏ. என்றால் 2.4 கிலோவாட், 2,400 வாட். 5 கே.வி.ஏ. என்றால் 4,000 வாட்.

இன்னொரு விஷயம். சில ஜெனரேட்டர்களின் அட்டைப் பெட்டியில் 'மேக்ஸிமம்' என்ற அளவைத்தான் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அது சில நிமிடங்கள் மட்டும் தாங்கும் அளவு. தொடர்ந்து ஓடும் அளவு 'ரேட்டட்' என்ற பெயரில் சிறிய எழுத்தில் இருக்கும். நமக்கு வேண்டியது அந்தச் சிறிய எழுத்துதான்.

ஓடுவதற்கு ஒன்று, கிளம்புவதற்கு மூன்று

பாரம் ஏற்றிய மாட்டு வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். நின்ற இடத்திலிருந்து வண்டியைக் கிளப்பும்போது மாடுகள் கழுத்தைத் தாழ்த்தி முழுப் பலத்தையும் கொடுத்து இழுக்கும். சக்கரம் உருளத் தொடங்கிவிட்டால் அதே பாரத்தை இலகுவாக இழுத்துக்கொண்டு நடக்கும். மோட்டாரும் அப்படித்தான். ஓடும்போது 600 வாட் எடுக்கிற மோட்டார், கிளம்பும் அந்த ஒன்றிரண்டு விநாடியில் மூன்று மடங்கும் அதற்கு மேலும் இழுக்கும். தண்ணீர் மோட்டார், ஃபிரிட்ஜ் இரண்டும் இந்த வகை. பல்பு, டி.வி., ஃபோன் சார்ஜருக்கு இந்தத் தொல்லை பெரிதாக இல்லை.

ஜெனரேட்டர் வாங்கிய பிறகு, 'லைட் எல்லாம் நன்றாக எரிகிறது, மோட்டாரைப் போட்டால் மட்டும் எஞ்சின் திணறி நின்றுவிடுகிறது' என்று சொல்கிறவர்களின் சிக்கல் இதுதான். ஓடுகிற வாட்டை மட்டும் கூட்டி வாங்கியிருப்பார்கள். கிளம்புகிற வாட்டை விட்டுவிட்டிருப்பார்கள்.

ஆகவே ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஜெனரேட்டரின் அளவைத் தீர்மானிப்பது வீட்டின் அளவோ அறைகளின் எண்ணிக்கையோ அல்ல. உங்கள் வீட்டில் இருப்பதிலேயே பெரிய மோட்டார் எதுவோ, அதுதான் தீர்மானிக்கிறது.

உங்கள் வீட்டுக் கணக்கு

நீங்கள் எழுதிய பட்டியலுக்கு வழக்கமான அளவுகளைப் போட்டிருக்கிறேன். உங்கள் பொருள்களில் ஒட்டியிருக்கும் தகட்டைப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

• எல்.இ.டி. பல்பு 5 (ஒன்று 9 வாட்): 45 வாட்
• சாதாரண சீலிங் ஃபேன் 2 (ஒன்று 75 வாட்): 150 வாட்
• 32 இன்ச் எல்.இ.டி. டி.வி.: 50 வாட்
• செல்ஃபோன் சார்ஜர் 2: 20 வாட்
• மிக்ஸி: 500 வாட்
• டேபிள் டாப் கிரைண்டர்: 150 வாட்
• அரை ஹெச்.பி. மோட்டார்: ஓடும்போது சுமார் 600 வாட், கிளம்பும்போது சுமார் 1,800 வாட்

ஒரு ஹெச்.பி. என்பது 746 வாட், அப்படியானால் அரை ஹெச்.பி.க்கு 373 வாட்தானே என்று கேட்பீர்கள். 373 என்பது மோட்டார் தண்டில் கிடைக்கிற சக்தி. அதைக் கொடுக்க மோட்டார் மின்சாரமாக எடுப்பது அதைவிட அதிகம். சிறிய மோட்டார்களில் வெப்பமாக வீணாவதும் அதிகம். அதனால்தான் 600 என்று போட்டிருக்கிறேன்.

இப்போது கூட்டுவோம். மோட்டார் தவிர மற்ற எல்லாம் சேர்ந்து 915 வாட். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டுவிட்டு, அதற்கு மேல் மோட்டாரையும் கிளப்பினால் 915 + 1,800 = 2,715 வாட். ஆனால் டி.வி. பார்த்துக்கொண்டே, மிக்ஸியில் சட்னி அரைத்துக்கொண்டே, கிரைண்டரில் மாவு ஓடிக்கொண்டிருக்கும்போதே மோட்டாரையும் போட வேண்டிய அவசரம் எந்த வீட்டிலும் இல்லை. மோட்டாரை முதலில் போடுங்கள். அப்போது எரிவது லைட் மட்டும் என்றால் 45 + 1,800 = 1,845 வாட். மோட்டார் சீராக ஓடத் தொடங்கி இரண்டு நிமிடம் கழித்துக் கிரைண்டரைப் போடுங்கள், பிறகு மிக்ஸி. அப்போது மொத்தமே சுமார் 1,300 வாட்தான்.

வரிசையை மாற்றியதால் மட்டும் 2,715 என்ற தேவை 1,845 ஆகக் குறைந்துவிட்டது. இதற்குச் செலவு ஒரு பைசாகூட இல்லை.

மலைக்கு ஒரு கழிவு உண்டு

சமவெளி வாசகர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். மலையில் இருப்பவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். மேலே போகப் போகக் காற்று லேசாகிவிடுவதால் எஞ்சினுக்குச் சக்தி குறையும். ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் சுமார் மூன்றரை சதவீதம் குறையும் என்பது கணக்கு. கொல்லிமலையில் குடியிருப்புகள் ஆயிரம் மீட்டருக்கு மேல் இருக்கின்றன. 1,100 மீட்டர் என்று வைத்தால் சுமார் 13 சதவீதம் போய்விடும்.

அதன்படி பார்த்தால் 2.5 கே.வி.ஏ. ஜெனரேட்டரின் 2,000 வாட், உங்கள் காட்டில் 1,740 வாட் ஆகிவிடும். உங்களுக்குத் தேவை 1,845. போதாது. 3 கே.வி.ஏ.வின் 2,400 வாட், சுமார் 2,090 வாட் ஆகும். போதும், கொஞ்சம் மிச்சமும் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டே தீருவோம் என்றாலும் 4 கே.வி.ஏ.வுக்கு மேல் தேவைப்படாது. கடையில் சொன்ன 5 எந்தக் கணக்கிலும் வரவில்லை.

கீழே சமவெளியில் பயன்படுத்திய பழைய ஜெனரேட்டரை மேலே கொண்டுவந்து, 'அங்கே இழுத்தது இங்கே இழுக்கவில்லை' என்று மெக்கானிக்கைக் குறை சொல்வதும் இதனால்தான்.

பெரிதாக வாங்கினால் என்ன நஷ்டம்?

'பெரிதாக இருந்தால் நல்லதுதானே' என்பது துணி எடுக்கும்போது சரி, வளரும் பிள்ளைக்கு ஆகும். ஜெனரேட்டருக்கு ஆகாது. சாதாரண ஜெனரேட்டர் நீங்கள் ஒரு பல்பு போட்டாலும் பத்துப் பொருள் போட்டாலும் அதே வேகத்தில்தான் சுற்ற வேண்டும். நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால்தான் நம் பொருள்களுக்கு ஏற்ற 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் வரும். பெரிய எஞ்சின் சும்மா சுற்றுவதற்கே நிறையப் பெட்ரோல் குடிக்கும்.

உங்கள் மாலை நேரத் தேவையைப் பாருங்கள். லைட், ஃபேன், டி.வி., ஃபோன் எல்லாம் சேர்ந்து 265 வாட். 5 கே.வி.ஏ. ஜெனரேட்டருக்கு அது எட்டு சதவீத வேலைகூட இல்லை. லாரியை எடுத்துக்கொண்டு கடைக்கு உப்பு வாங்கப் போவது போல. சிறியதற்கும் பெரியதற்கும் மணிக்கு அரை லிட்டர் வித்தியாசம் வந்தால், தினம் மூன்று மணி நேரத்துக்கு மாதம் 45 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்றால் 4,500 ரூபாய். அடகு வட்டியோடு இதுவும் சேரும்.

எஞ்சினுக்கும் கேடு. எப்போதும் மிகக் குறைந்த லோடில் ஓடுகிற எஞ்சின் சரியாகச் சூடேறாது. பெட்ரோல் எஞ்சினில் பிளக்கில் கரி பிடிக்கும். டீசல் எஞ்சினில் எரியாத டீசல் புகைக் குழாயில் பிசின் போலத் தேங்கும். மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமலும் முக்கால் பங்குக்கு மிகாமலும் லோடு இருந்தால் எஞ்சின் நீண்ட நாள் உழைக்கும்.

லைட்டுக்கு ஜெனரேட்டர் வேண்டாம்

இந்தக் கணக்கின்படி பார்த்தால், 3 கே.வி.ஏ.கூட உங்கள் மாலை நேர 265 வாட்டுக்கு அதிகம்தான். மோட்டாருக்காக வாங்கும் எஞ்சினை லைட்டுக்காக ஓட்டுவதில்தான் பணம் கரைகிறது. ஆகவே வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கிளம்புவதற்குப் பலம் தேவைப்படும் மோட்டார் வேலை ஜெனரேட்டருக்கு. லைட், ஃபேன், டி.வி., ஃபோன் சோலாருக்கு.

ஒரு நாளைய கணக்கு இது. ஐந்து பல்பு நான்கு மணி நேரத்துக்கு 180 வாட்-மணி. பழைய ஃபேனுக்குப் பதில் 30 வாட் எடுக்கும் பி.எல்.டி.சி. ஃபேன் ஒன்று ஆறு மணி நேரத்துக்கு 180. டி.வி. மூன்று மணி நேரத்துக்கு 150. ஃபோன்களுக்கு 30. மொத்தம் 540 வாட்-மணி, அதாவது அரை யூனிட்டுக்குச் சற்று மேல். நல்ல வெயில் நாளில் 200 வாட் சோலார் பேனல் ஒன்றே 700 முதல் 800 வாட்-மணி வரை கொடுக்கும். 12 வோல்ட், 100 ஏ.ஹெச். பேட்டரி ஒன்றும் சிறிய இன்வெர்ட்டர் ஒன்றும் போதும். சாதாரண ஆசிட் பேட்டரி என்றால் அதில் பாதிக்கு மேல் இறக்காமல் பார்த்துக்கொண்டால் நீண்ட நாள் வரும். பாதி என்பதே 600 வாட்-மணி, உங்கள் இரவுக்குக் காணும்.

இப்படிச் செய்தால் ஜெனரேட்டரைக் காலையில் ஒரு மணி நேரம் ஓட்டினால் போதும். முதலில் மோட்டார். ஆயிரம் லிட்டர் தொட்டியை உயரத்தில் வைத்துக்கொண்டால், கிணற்றின் ஆழத்தைப் பொறுத்து அரை மணி முதல் முக்கால் மணியில் நிரம்பிவிடும். அதே நேரத்தில் கிரைண்டரில் மாவு, மிக்ஸியில் அரைக்க வேண்டியவை. மழை மூட்டமான நாள்களில் அதே ஒரு மணி நேரத்தில் பேட்டரிக்கும் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம். அது லைட்டுக்கும் ஃபோனுக்கும் ஆகும், அன்றைக்கு டி.வி.யை மறந்துவிடுங்கள்.

பெட்ரோல் செலவைப் பாருங்கள். மணிக்கு முக்கால் லிட்டர் என்று வைத்தால், தினம் நான்கு மணி நேரம் ஓட்டுகிறவருக்கு மாதம் 90 லிட்டர், 9,000 ரூபாய். ஒரு மணி நேரம் ஓட்டுகிறவருக்கு 22.5 லிட்டர், 2,250 ரூபாய். 3 கே.வி.ஏ.வுக்கும் 5 கே.வி.ஏ.வுக்கும் உள்ள விலை வித்தியாசத்தைக் கடையில் கேட்டுப் பாருங்கள். அந்தப் பணத்தைச் சோலாருக்குத் திருப்பிவிடுங்கள்.

இன்னும் ஒரு வழியும் உண்டு. உங்கள் நிலத்துக்கு மேலே ஊற்றோ ஓடையோ இருந்து குழாய் போட்டுத் தண்ணீர் தானாக இறங்கி வருமானால் மோட்டாரே வேண்டாம். அப்போது மிக்ஸிக்கும் கிரைண்டருக்கும் 1 கே.வி.ஏ. சிறிய ஜெனரேட்டர் போதும். வாங்குவதற்கு முன் இதையும் ஒருமுறை பாருங்கள்.

இஸ்திரிப் பெட்டி, ஹீட்டர் ராடு, இண்டக்‌ஷன் அடுப்பு, ரைஸ் குக்கர் போன்ற சூடாக்கும் பொருள்களை இந்தப் பட்டியலில் சேர்க்கவே வேண்டாம். இண்டக்‌ஷன் அடுப்பு ஒன்றே 2,000 வாட் வரை கேட்கும். வெந்நீருக்கும் சோற்றுக்கும் விறகோ கேஸோ இருக்கட்டும்.

தாழ்வாரம் ஏன் கூடாது?

ஜெனரேட்டர் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு இருக்கிறது. அதற்கு நிறம் கிடையாது, வாசனையும் கிடையாது. புகை நாற்றம் வரவில்லை என்பதால் ஆபத்து இல்லை என்று நினைக்கக் கூடாது. மூச்சில் போய் இரத்தத்தில் கலந்துவிட்டால் உடலுக்குப் போக வேண்டிய ஆக்ஸிஜனைப் போகவிடாது. முதலில் தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், கை கால் சோர்வு. விழித்திருப்பவர்கள் இதைக் கண்டு வெளியே வந்துவிடலாம். தூங்குகிறவர்களுக்கு எதுவும் தெரியாது, அப்படியே போய்விடுவார்கள். குளிருக்காக மூடிய அறையில் கரி அடுப்பு மூட்டித் தூங்கியவர்கள் காலையில் எழவில்லை என்று செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். இதுவும் அதே வாயுதான்.

கொல்லிமலைக் குளிரில் இரவில் கதவு, ஜன்னலைச் சாத்திக்கொண்டுதான் தூங்குவீர்கள். தாழ்வாரத்தில் ஓடும் ஜெனரேட்டரின் புகை, கதவிடுக்கு வழியாகவும் ஓட்டு இடுக்கு வழியாகவும் உள்ளே வரும். ஜன்னலைத் திறந்து வைத்தாலும், உள்ளே ஃபேன் போட்டாலும் காப்பாற்றாது. உங்கள் அம்மாவும் மகளும் தூங்கும் வீடு அது. இதில் பாதி வழி என்று ஒன்று கிடையாது.

செய்ய வேண்டியது இது. வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, நான்கு கால் நட்டு மேலே தகரம் போட்டுச் சிறிய கூரை அமையுங்கள். சுவர் வேண்டாம், நான்கு பக்கமும் திறந்திருக்கட்டும். புகைக் குழாய் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்க்கட்டும். காற்று பெரும்பாலும் எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று பார்த்து, புகை வீட்டை நோக்கி வராத இடத்தைத் தேர்ந்தெடுங்கள். தரையில் ஒரு சாண் உயரத்துக்குக் கான்கிரீட் மேடை போட்டால் மழைத் தண்ணீர் ஏறாது. அந்த மேடையில் இரும்பு வளையம் ஒன்றைப் பதித்து, சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டால் திருட்டுப் பயத்துக்கும் வழி ஆயிற்று.

அங்கிருந்து வீட்டுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி இழுங்கள். மெல்லிய கம்பி போட்டால் வோல்டேஜ் குறைந்து மோட்டார் கிளம்பாது, கம்பியும் சூடேறும். எர்த் கம்பியும், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்சும் கட்டாயம். இந்த வேலையை உரிமம் உள்ள எலெக்ட்ரீஷியனிடம் கொடுங்கள்.

பெட்ரோல் ஊற்றும்போது எஞ்சினை நிறுத்தி, கால் மணி நேரம் ஆற விடுங்கள். பெட்ரோல் கேனைச் சமையலறைப் பக்கம் கொண்டு போகாதீர்கள். வீட்டில் யாருக்காவது ஜெனரேட்டர் ஓடும்போது தலை கனத்து, குமட்டல் வந்தால், உடனே எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள், 108-ஐ அழையுங்கள்.

கடைக்குப் போகும்போது

1. மோட்டார் தகட்டில் இருக்கும் ஹெச்.பி., ஆம்பியர், வோல்ட் மூன்றையும் எழுதி எடுத்துப் போங்கள். ஃபோனில் படம் எடுத்துக்கொண்டாலும் சரி.
2. 'ரேட்டட்' அளவு எத்தனை வாட் என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள்.
3. முடிந்தால் உங்கள் மோட்டாரையே கழற்றிக்கொண்டு போய், அங்கேயே ஒருமுறை கிளப்பிக் காட்டச் சொல்லுங்கள். சமவெளிக் கடையில் திணறுகிற ஜெனரேட்டர் மலையில் நிச்சயம் இழுக்காது.
4. தினம் ஒரு மணி நேர வேலைக்குப் பெட்ரோல் ஜெனரேட்டர் போதும். தினமும் பல மணி நேரம் ஓட்டுகிறவர்களுக்குத்தான் டீசல் கட்டுபடியாகும்; எடையும் விலையும் அதிகம்.
5. உதிரிப் பாகமும் சர்வீஸும் நாமக்கல்லிலோ சேலத்திலோ கிடைக்குமா என்று விசாரியுங்கள்.
6. கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்வதா, சாவி போட்டா என்று பாருங்கள். நீங்கள் ஊரில் இல்லாத நாளில் உங்கள் மனைவியால் ஸ்டார்ட் செய்யவும் நிறுத்தவும் முடிய வேண்டும். கடையிலேயே அவரையும் ஒருமுறை செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

வாங்கிய பிறகு, ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும் முன்பும் எஞ்சின் ஆயில் அளவைப் பாருங்கள். புது எஞ்சினுக்கு முதல் 20 மணி நேரத்திலும், பிறகு 100 மணி நேரத்துக்கு ஒரு முறையும் ஆயில் மாற்றுவது பொதுவான வழக்கம். கூடவே வரும் புத்தகத்தில் உள்ளபடி செய்யுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் ஓட்டாமல் வைப்பதானால் டாங்கிலும் கார்புரேட்டரிலும் உள்ள பெட்ரோலை இறக்கிவிடுங்கள். இல்லையென்றால் பிசுக்குப் பிடித்து அடுத்த முறை ஸ்டார்ட் ஆகாது.

*

கேள்வி: என் போர்வெல்லில் 5 ஹெச்.பி. மும்முனை நீர்மூழ்கி மோட்டார் இருக்கிறது. கரண்ட் இல்லாத நேரத்தில் பாய்ச்ச 5 கே.வி.ஏ. ஜெனரேட்டர் போதுமா?
(தருமபுரி மாவட்ட வாசகர்)

பதில்: 5 ஹெச்.பி.க்கு 5 கே.வி.ஏ. என்று எண்ணை வைத்துப் பொருத்தம் பார்க்கக் கூடாது. நேரடி ஸ்டார்ட்டரில் கிளம்பும்போது இந்த மோட்டார் ஐந்தாறு மடங்கு ஆம்பியர் இழுக்கும். 10 கிலோவாட், அதாவது 12.5 கே.வி.ஏ. அளவு மும்முனை ஜெனரேட்டர் இருந்தால்தான் பயமில்லாமல் கிளம்பும். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் போட்டால் கிளம்பும் ஆம்பியர் மூன்றில் ஒரு பங்காகக் குறையும். ஆனால் மோட்டாரிலிருந்து ஆறு முனைகள் வெளியே வந்தால்தான் அதைப் பொருத்த முடியும். உங்கள் மோட்டாரில் மூன்று முனைதான் என்றால் அந்த வழி இல்லை.

இவ்வளவு பெரிய ஜெனரேட்டரைப் பாசனத்துக்காக மட்டும் வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். டீசலை எரித்து மின்சாரமாக்கி, அந்த மின்சாரத்தில் மோட்டாரை ஓட்டும்போது இரண்டு இடத்தில் சேதாரம். திறந்த கிணறாக இருந்து, தண்ணீர் மட்டம் மேலே இருந்தால் டீசல் எஞ்சின் பம்புசெட்டே மலிவு. உங்களுடையது போர்வெல் என்பதால் சோலார் பம்புசெட்டைப் பற்றி யோசியுங்கள். பி.எம்.-குசும் திட்டத்தில் ஒன்றிய, மாநில அரசுகளின் மானியம் சேர்ந்து கிடைக்கிறது. உங்கள் பகுதி வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் சிட்டா, அடங்கலோடு போய் விசாரியுங்கள்.

*

கேள்வி: தெரிந்தவர் ஒருவர் பழைய 3 கே.வி.ஏ. பெட்ரோல் ஜெனரேட்டரை விற்கிறார். எதைப் பார்த்து வாங்குவது?
(திருவண்ணாமலை மாவட்ட வாசகர்)

பதில்: நீங்கள் போவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் அன்று திரும்பிவிடுங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் ஆகிறதா என்று பார்க்க வேண்டும். புகை நீலமாக வந்தால் எஞ்சின் ஆயிலைக் குடிக்கிறது என்று பொருள். தொடர்ந்து கறுப்பாக வந்தால் பெட்ரோல் சரியாக எரியவில்லை.

அடுத்து லோடு போட்டுப் பாருங்கள். வாளி நிறையத் தண்ணீரில் 1,500 வாட் ஹீட்டர் ராடு ஒன்றை வைத்து அரை மணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள். அப்போது யாரும் அந்தத் தண்ணீரைத் தொடக் கூடாது. மீட்டரில் வோல்டேஜ் 220-க்கும் 240-க்கும் இடையில் நிலையாக நிற்க வேண்டும். எஞ்சின் சத்தம் ஏறி இறங்கினாலோ, வோல்டேஜ் ஆடினாலோ, வயர் கருகும் நாற்றம் வந்தாலோ விட்டுவிடுங்கள். ஒரு பல்பை எரியவிட்டுக் காட்டி, 'ஓடுகிறது பாருங்கள்' என்பது சோதனை ஆகாது.

*

கேள்வி: கஜா புயலுக்குப் பிறகு பல நாள் கரண்ட் இல்லை. வாடகை ஜெனரேட்டர் கொண்டுவந்து வீடு வீடாகத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றினோம். அப்போது ஜெனரேட்டர் வயரைச் சுவர் பிளக்கிலேயே சொருகிவிட்டார்கள். அப்படிச் செய்யலாமா? இனிப் புயல் வந்தால் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும் என்று எழுதுகிறேன்.
(தஞ்சை மாவட்ட வாசகி)

பதில்: நல்ல கேள்வி, அம்மா. செய்யக் கூடாது. 2018 நவம்பரில் டெல்டா முழுக்க ஆயிரக்கணக்கான மின் ஊழியர்கள் வெளி மாவட்டங்களிலிருந்து வந்து கம்பத்தில் ஏறி வேலை செய்தார்கள். மெயின் சுவிட்சை அணைக்காமல் ஜெனரேட்டரைப் பிளக்கில் சொருகினால், மின்சாரம் வீட்டு மீட்டர் வழியாகப் பின்னோக்கிப் போகும். டிரான்ஸ்ஃபார்மரில் ஏறி அந்தப் பக்கம் 11,000 வோல்ட்டாக மாறும். கம்பியில் கரண்ட் இல்லை என்று நம்பிக் கை வைக்கிறவர் உயிர் போய்விடும்.

கரண்ட் இணைப்பு உள்ள வீட்டில் ஜெனரேட்டர் வைக்க வேண்டுமானால் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் பொருத்த வேண்டும். கைப்பிடி ஒரு பக்கம் திரும்பினால் மின்வாரியக் கம்பி, மறுபக்கம் திரும்பினால் ஜெனரேட்டர். இரண்டும் ஒரே நேரத்தில் சேரவே சேராது. வாடகை ஜெனரேட்டர் வரும்போது அது இல்லையென்றால், மோட்டார் வயரை வீட்டு லைனிலிருந்து கழற்றி நேரடியாக ஜெனரேட்டரில் கொடுக்கச் சொல்லுங்கள். மோட்டார் ஒரு ஹெச்.பி. என்றால் ஜெனரேட்டர் 4 கே.வி.ஏ. அளவுக்கு இருக்கட்டும்.

*

மோட்டார், ஜெனரேட்டர் பற்றிக் கேள்வி எழுதும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். மோட்டார் தகட்டில் உள்ள ஹெச்.பி., ஆம்பியர், ஒருமுனையா மும்முனையா என்ற விவரத்தையும், கிணற்றின் ஆழத்தையும், உங்கள் ஊர் மலையா சமவெளியா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கொல்லிமலை வாசகர் தன் வீட்டிலுள்ள பொருள்களை ஒன்றுவிடாமல் எழுதியிருந்ததால்தான் இவ்வளவு கணக்கையும் போட முடிந்தது.